உட்கார நேரம் போடாத பயணம்

துபாயில் குளிர்கோட்டு வைத்திருப்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? என் அலமாரியில் இரண்டு தொங்குகின்றன. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் மனைவி கோமதியுடையது. இத்தாலிக்கென்று வாங்கி, இரண்டே நாள் போட்டது. கோமதி இப்போது இல்லை. கோட்டு இருக்கிறது.

கராமாவில் இருக்கும் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். போன வாரம் அவள் கோட்டுப் பையில் கைவிட்டபோது ஒரு தைல டப்பா அகப்பட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை, அடிவரை வழித்து எடுத்திருந்தாள். வாசனை மட்டும் குப்பென்று ஏறியது. ஏர்போர்ட் சோதனையில் அதே டப்பாவை வெளியே எடுக்கச் சொன்னது நினைவிருக்கிறது. அப்போது சீல்கூடப் பிரிக்காமல் புதிதாக இருந்தது. விமானத்தில் இந்த வாசனை வந்ததும், "தலைவலியா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். எனக்கு அந்த 'ம்' போதுமானதாக இருந்தது.

மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்து, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சிய வருஷம் அது. அப்போதெல்லாம் இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் சாயங்காலம் டியூட்டி முடிந்து கிளம்ப வேண்டும், வெள்ளி மிலான், சனி கோமோ ஏரி, ஞாயிறு காலை மறுபடி டியூட்டி. நான் கட்டடக் கம்பெனியில் பிளானிங் இன்ஜினீயர். எந்த வேலை என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடியும் என்று கோடு கோடாகப் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. கேட்டால் சிரிப்பீர்கள், இத்தாலிக்கும் அப்படி ஒரு ப்ரோகிராம் போட்டு பிரிண்ட் எடுத்தேன். காபிக்கு எத்தனை நிமிஷம் என்பது வரை அதில் இருந்தது. சைட்டுக்குப் போடும்போது ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலும் இரண்டு நாள் உபரியாக விடுவேன். கிரேன் வராமல் போகலாம், ஆட்களுக்குக் காய்ச்சல் வரலாம். கோமதிக்கு மட்டும் ஒன்றும் வராது என்று நினைத்திருக்கிறேன்.

அவள் அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "இதுல உக்கார்றதுக்கு எங்கங்க நேரம் போட்டிருக்கீங்க?"

"உக்காரத்தான் வீட்ல சோபா இருக்குல்ல?" என்றேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்ட திருப்தி எனக்கு.

மிலானில் பெரிய தேவாலயத்தின் கூரைக்கே ஏறிப் பார்க்கலாம். லிஃப்டுக்கு நீண்ட வரிசை நின்றது. நின்றால் ப்ரோகிராம் தள்ளிப்போகும் என்று படியில் கூட்டிப்போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யல்லா, யல்லா" என்று மேலிருந்து கத்தினேன், சைட்டில் ஆட்களை விரட்டும் அதே குரலில். ஒரு வெள்ளைக்காரக் கிழவி அவளைத் தாண்டி ஏறி வந்தாள். இரவுச் சாப்பாடு வரை அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்தேன். கோமதியும் சிரித்தாள்.

மறுநாள் ரயிலேறி, படகு மாறி, ஏரிக்கரையில் பெல்லாஜியோ என்ற சிற்றூரில் இறங்கினோம். ஏரி எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் போகிற சந்தெல்லாம் படிக்கட்டு. கோமதி அண்ணாந்து பார்த்துவிட்டு, படகுத்துறைக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க மேல போயிட்டு வாங்க. நான் இங்கயே பாத்துக்கிட்டிருக்கேன். நம்ம க்ரீக்க பாத்தாப்ல இருக்கு."

துபாய் க்ரீக்கைச் சொன்னாள், ஊருக்கு நடுவே புகுந்து கிடக்கும் கடல்கழி. வியாழன் சாயங்காலம் தவறாமல் அங்கே போவோம். கராக் சாயா வாங்கிக்கொண்டு, அக்கரைக்கும் இக்கரைக்கும் அப்ராப் படகுகள் போய்வருவதைப் பார்த்தபடி அவள் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். நான் போனில் இருப்பேன்.

"க்ரீக்க பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று எரிந்து விழுந்தேன். தனியாக ஏறி, தனியாக இறங்கி வந்தேன். படகு வர ஐந்து நிமிஷம் இருந்தது. "எந்திரி. ஒரே ஒரு போட்டோவுக்காவது நில்லு. எல்லாத்துலயும் மூட்டை மாதிரி உக்காந்தே இருக்க."

எழுந்தாள். கரையோர இரும்புக் கம்பியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, சிரித்தாள். எடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் ஒருவர், இடுப்பில் இந்த வலி எத்தனை நாளாக என்று விசாரித்தார். "இத்தாலிக்கு முன்னாடியிருந்தே டாக்டர்" என்றாள், பக்கத்தில் நான் இருப்பதையே மறந்தவள்போல. அதற்குள் புற்று எலும்புவரை பரவியிருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று காரில் ஏறியதும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா கேன்சல் பண்ணியிருப்பீங்க. அப்புறம் நாம எப்பங்க போயிருப்போம்?"

அடுத்த குளிர்காலத்துக்கு அவள் இல்லை.

அவள் போன பிறகு இங்கே விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வியாழன் சாயங்காலம் இப்போது வெறும் வேலை நாள். ஒரு வெள்ளிக்கிழமை க்ரீக்குக்குப் போய்ப் பார்த்தேன். சாயா இருந்தது, படகுகள் போய்வந்தன. பத்து நிமிஷத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. போய்ச் செய்ய ஒரு வேலையும் இல்லாமல்தான் எழுந்து வந்தேன்.

கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருப்பது அந்தப் படகுத்துறைப் படம்தான். அதில்தான் முகம் நன்றாக விழுந்திருக்கிறது என்று நானே எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் மார்பளவுக்கு வெட்டிவிட்டார். ஏரியும் இல்லை, கம்பியைப் பிடித்த கையும் இல்லை. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "நிம்மதியா உக்காந்திருக்காங்க" என்கிறார்கள். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.