சட்டைப் பையில் ஒரு குப்பி

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். வண்ணார்பேட்டையில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் விந்துப் பரிசோதனை செய்கிறேன்.

அங்கே பரிசோதனைக்கு வரும் மீசைக்காரர் ஒருவர் விந்துக் குப்பியைச் சூடு ஆறாமல் சட்டைப் பையில் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டே வருவார். புது உயிரணு உருவாக இரண்டரை மாதமாகும் என்று சொல்லி மருந்து கொடுத்திருந்தார்கள். அன்று அவருக்கு மூன்றாவது பரிசோதனை.

“ஒண்ணுகூட இல்ல, அண்ணாச்சி.”

“நான் பாக்கட்டுமா தாயி?”

நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். “அங்கன ஏதோ அசையுத மாதிரி இருக்கே?”

“அது உங்க இமைமுடியோட நிழல்.”

நிமிர்ந்தவர், நான் கொடுத்த ஆங்கில முடிவுச்சீட்டைத் திருப்பி நீட்டினார். “இதத் தமிழ்ல எழுதித் தா. எங்கம்மை என் பொஞ்சாதியத்தான் மலடிங்கா. வாசிச்சுக் காட்டணும்.”

எழுதினேன். என் அழகான கையெழுத்து அன்று எனக்கே பிடிக்கவில்லை. அவர் அதை மடித்து அதே சட்டைப் பையில் வைத்தார். மேலே கையால் பொத்திக்கொண்டே போனார்.