சமையலறைக்குச் சொல்ல வேண்டியது

செல்போனில் சாப்பாடு ஆர்டர் செய்பவர் மூன்று தடவைக்கு மேல் திரையில் விரல் வைக்கக்கூடாது என்பது அப்போது எனக்கு வேதவாக்கு. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருடம் குப்பை கொட்டிவிட்டு விருதுநகருக்குத் திரும்பி, மாடியறையில் போர்டு மாட்டி, சிவகாசியில் ஒரு மெஸ்ஸுக்கு ஆப் செய்து கொடுத்தேன். காலை பத்து மணிக்குள் ஆர்டர் போட்டால் மதியச் சாப்பாடு பார்சலில் வந்துவிடும். அச்சாபீஸ்கள், பட்டாசு கம்பெனி ஆபீஸ்கள், எம். புதுப்பட்டி வரை உள்ள வீடுகள் என்று ஒரு பைக் தினமும் லைன் போகும்.

மெஸ்ஸை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். அண்ணாச்சி வாசல் மேசையில் இருப்பார், அக்கா அடுப்படியில் இருப்பார். ஆர்டர் வந்ததும் சீட்டு அடித்துத் தரும் சின்ன மெஷினை அடுப்படியிலேயே வைக்கச் சொன்னது அக்காதான்.

ஆர்டர் பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. 'சமையலறைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று கேட்கும். விரும்பியதை எழுதினால் அது சீட்டில் அப்படியே அச்சாகும். பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. எனக்கோ அதைப் பார்த்தாலே எரிச்சல். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அதைத் தூக்கிவிட்டு மூன்று பொத்தான் வைத்தேன்: காரம் கம்மி, எண்ணெய் கம்மி, அப்பளம் கூடுதல். பக்கம் பளிச்சென்று ஆனது. "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் அண்ணாச்சி. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம் அக்கா தனியாக என் ஆபீசுக்கு வந்தார். இருக்கன்குடி கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். படியேறிய மூச்சு அடங்கும் முன்பே கேட்டார்.

"தம்பி, அந்த எழுதுற எடம் எங்க போச்சு?"

"அது தேவையில்லக்கா. யாரும் எழுதல."

"எம்மக எழுதுனாளே."

அவர்களுக்கு ஒரு மகள் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு எம். புதுப்பட்டியில் இருந்தாள். புருஷனுக்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. அவளோடு யாரும் பேசக்கூடாது என்று அண்ணாச்சி அக்காவின் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். மகள் வேறு ஒரு பெயரில் ஆப்பில் சாப்பாடு கேட்டு, அந்தக் கட்டத்தில் அம்மாவுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதினாள். அம்மா பார்சலில் பதில் வைத்தார். ஒரு நாள் முட்டை, ஒரு நாள் எள்ளுருண்டை. ஒன்றரை வருடம் இரண்டு பேரும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

"கடேசியா எழுதுன அன்னிக்கு லோடு அதிகம் தம்பி. பார்சலக் கட்டி அனுப்பிட்டுத்தான் சீட்டப் பாத்தேன். புள்ள உண்டாயிருக்கா. மறுநாளைக்கு வைக்கலாம்னு நார்த்தங்கா ஊறுகாய எடுத்து வச்சேன். அதுக்கப்பறம் சீட்டே வரல. எப்படி இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வருவீகளா?"

பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் போன பிறகு பழைய ஆர்டர்களைத் திறந்து வாசித்தேன். 'ரசத்தில் பூண்டைத் தட்டாமல் முழுசாகப் போடவும்.' 'கால் வீக்கம் வத்திருச்சா? மாத்திரை போடுறீகளா?' 'எள்ளுருண்டை கெடச்சது. அவருக்கும் குடுத்தேன்.' கடைசியில் இது: 'சாப்பாடு ஒண்ணுதான், ஆனா ரெண்டு பேருக்கு. மூணு மாசம் ஆச்சு.' அடுத்த நாள் காலையில்தான் என் புதுப் பதிப்பு வெளியானது.

ஆர்டரில் இருந்த நம்பரைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்றது. பாட்டிலை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த முகவரிக்கு பைக்கில் கிளம்பினேன். வழியெல்லாம், தட்டியதும் கதவு திறந்து அவள் சிரிப்பதாகவே நினைத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் சொன்னாள்.

"அவுக காலி பண்ணிப் பத்து நாளாச்சு. தீவாளிக்கு அடைச்ச கம்பெனி எப்பத் தொறப்பாகன்னு தெரியலன்னு திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாக. புது நம்பரும் தெரியல. நீங்க யாரு?"

மெஸ்ஸிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முகம் மாறியது.

"அந்த மெஸ்ஸா? அந்தப் புள்ள எம்புட்டு அழுதுச்சு தெரியுமா? புள்ளத்தாச்சிச் சேதிய எழுதுது, அன்னிக்கு வெறும் சோறு வருது. மறுநா பாத்தா எழுதுற எடத்தவே காணோம். எங்கம்மாவே இனிமே எழுதாதன்னு எடுக்கச் சொல்லிட்டாகன்னு சோறு எறங்காமக் கெடந்துச்சு."

"அவுங்கம்மா எடுக்கச் சொல்லல. நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு எடுத்தீக?"

"பாக்க நல்லா இருக்கும்னு."

அவள் மிச்சத் துணியை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அழுகை வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் மெஸ்ஸின் பின்வாசலில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். திருப்பூருக்குப் போய்விட்டார்கள் என்றேன், நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்று ஒரு பொய்யும் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"எழுதுற எடத்தத் திருப்பி வச்சிட்டீகளா?"

"வச்சிட்டேன்க்கா. திருப்பூர்ல இருந்தும் எழுதலாம். ஆர்டர் போடாமலே எழுதலாம்."

"அப்ப எழுதுவா" என்றார் அக்கா, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே.

அந்தக் கட்டம் இப்போது பக்கத்தின் உச்சியிலேயே பெரிதாக இருக்கிறது. திருப்பூரிலிருந்து ஒருவரும் அதைத் திறக்கவில்லை. கணக்குப்படி இந்நேரம் பிள்ளை பிறந்து தவழ வேண்டும். மெஷினைச் சரிபார்க்க நான் அடுப்படிக்குள் போகும்போதெல்லாம், அண்ணாச்சி காதில் விழாதபடி அக்கா பக்கத்தில் வந்து கேட்கிறார்.

"என்ன புள்ளையாம் தம்பி? எழுதுனாளா?"