கெம்பம்மாவுக்கு அல்சர் இல்லை

கெம்பம்மாவுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது என்று கெலமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவார்கள். பஸ்ஸில் இடிக்கிறவனை அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிடுவாள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தராசை அவளே பிடித்துப் பார்ப்பாள். 1986-ல் ஓசூரில் ஒரு சின்ன கம்பெனிக்குத் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓட்டப் போனபோது, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று ஒருத்தன் கேட்டான். "ஆம்பளைக்கு எதுக்குன்னு நீ முதல்ல சொல்லு" என்றாள்.

அந்தக் கெம்பம்மாதான் தினமும் ஷிப்டு பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி கக்கூஸுக்குள் போய், தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தாள். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து விட்டுக்கொள்வாள். வெளியே வந்ததும் யாரையாவது நாலு திட்டு திட்டினால்தான் கை நடுக்கம் அடங்கும். கெம்பக்கா இன்னைக்கு நல்ல சூட்டுல இருக்குது என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிச்சுட்டுப் போகட்டும், கண்டுபிடிக்காமல் இருந்தால் சரி என்று இருந்தாள்.

விஷயம் இதுதான். பிரஸ்ஸில் ரெண்டு பட்டன். ரெண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் ஷிப்டுக்கு ஆயிரத்து முந்நூறு பீஸ்தான் வரும். மேலே கேட்பதோ ஆயிரத்து எண்ணூறு. என்ன பண்ணுவார்கள்? ஒரு பட்டனைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு கையால் பீஸை வைத்து, மறு கையால் அமுக்குவார்கள். பார்க்க வேண்டியவர்கள் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்கள். பக்கத்து மெஷின் கரியப்பன் அப்படித்தான் ஓட்டினான். ரெண்டு விரல் போச்சு. கெம்பம்மா கண் எதிரிலேயே போச்சு. மறுநாள் அந்த மெஷினில் வேற ஆளை உட்கார வைத்தார்கள். கெம்பம்மாவும் பட்டனைக் கட்டித்தான் ஓட்டினாள்.

வயிறு எரிந்தது, நெஞ்சை அடைத்தது. கம்பெனிக்கு வருகிற டாக்டர் அல்சர் என்றார். அந்தக் காலத்தில் ஓசூரில் ஷிப்டுக்குப் போகிற எவனைக் கேட்டாலும் அல்சர்தான். வெள்ளை மருந்தைப் பாட்டில் பாட்டிலாக ரெண்டு வருஷம் குடித்தாள். அவள் புருஷன் திம்மப்பன் தக்காளித் தோட்டத்தையும் ராயக்கோட்டை மண்டியையும் தவிர வேறு எதையும் யோசிக்காத ஆள். அவனே பயந்துபோய்த் தாயத்து கட்டினான். வாந்தி நின்றபாடில்லை.

1988 கடைசியில் அந்த டாக்டருக்குப் பதிலாக ஒரு லேடி டாக்டர் வந்தாள். வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புண்ணே இல்லையே என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் வாந்தி வருமா என்று கேட்டாள். கெம்பம்மா யோசித்தாள். பகல் முழுக்க ஒன்றும் இருக்காது, மறுநாள் ஷிப்டு ஞாபகம் வந்தால்தான் ஆரம்பிக்கும். வேலை நாள் பார்த்து வருகிற அல்சர் எந்த ஊரில் இருக்கிறது? இது பயம், நீயே அமுக்கி வெச்ச பயம், பெங்களூர் மனநல ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதினாள் டாக்டர். என்னைப் பைத்தியம்ங்கறியா என்று கேட்டு, சீட்டை மேஜை மேலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள் கெம்பம்மா.

ரெண்டே நாள். பஸ்ஸில் கம்பெனி கேட் கண்ணில் பட்டதும் மூச்சு முட்டியது, கால் எழவில்லை. இறங்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பைத்தியம்னா பைத்தியம், போடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நேராக டாக்டரிடம் போய்ச் சீட்டை வாங்கினாள்.

வியாழக்கிழமைதோறும் பெங்களூர். மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள் என்று போனால், கிரிஜா மேடம் என்று ஒருத்தர் கன்னடம் கலந்த தமிழில் பேசு, பேசு என்றார். முதல் வாரம் கெம்பம்மா சூப்பர்வைசரைத் திட்டினாள். ரெண்டாம் வாரம் கண்டக்டரை. மூணாம் வாரம் திட்ட ஆள் தீர்ந்துபோய், கரியப்பனின் அறுந்த விரல்களை எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதைச் சொன்னாள். துணியைப் பிடித்தது இவள்தான். இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள். படபடப்பு வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதே, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே இரு, அதுவாக இறங்கும் என்றார் மேடம். நம்பாமல்தான் செய்து பார்த்தாள். இறங்கியது.

கம்பெனியில் மட்டும் பல்லு வலி என்று லீவு எழுதினாள். மார்ச்சில் நிரந்தரம் ஆகிறவர்கள் லிஸ்ட் வரப்போகிறது. மூணு வருஷம் டெம்பரரியாக உழைத்தது அதற்காகத்தான். சூப்பர்வைசர் நாராயணப்பனின் மச்சான் அவளை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்திருக்கிறான். வெளியே தெரிந்தால் பேரை அடித்துவிடுவார்கள், பல்லுன்னே சொல்லிக்க என்று நாராயணப்பன் காதோடு காதாகச் சொன்னான். நல்ல எண்ணம்தான், ஆனால் அன்றைக்கே வாந்தி திரும்ப வந்தது. பெங்களூர் பஸ்ஸில் யார் ஏறினாலும் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். இதைச் சொன்னபோது மேடம் ஒன்றுதான் கேட்டார். "இந்தப் பயம் மெஷின்ல இல்லையே கெம்பம்மா, நீங்க எழுதற லீவு லெட்டர்லதானே இருக்கு?"

அடுத்த லெட்டரில், அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்தில், கொட்டை கொட்டையாக எழுதினாள்: மனநல ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்குப் போகிறேன். அன்று மத்தியானமே மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். இப்படி இருக்கிறவளைப் பிரஸ்ஸில் எப்படி விடுவது, கை நடுங்கி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா நடுங்கின கைதான் சார் ஓட்டுச்சு. பட்டனைக் கட்டிட்டு ஓட்டுச்சு. அதுக்கு ஆயுத பூஜையில எவர்சில்வர் குடம் கொடுத்துக் கை தட்டினீங்க. இப்ப நடுக்கம் நிக்கிது, இப்பப் போயி கேக்கறீங்க. இனிமே ரெண்டு கையாலயும்தான் அமுக்குவன். ஆயிரத்து முந்நூறுதான் வரும்."

மேனேஜர் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மார்ச்சில் லிஸ்ட் ஒட்டினார்கள். கெம்பம்மா பேர் இல்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவன் பேர்கூட இருந்தது. போர்டு எதிரிலேயே நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அடிச்சுக்கோ என்று விட்டு, மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள். அடங்குகிற வரைக்கும் நின்றாள், ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. அதை அடக்க அவளும் நினைக்கவில்லை.

பழைய கெம்பம்மாவாக இருந்தால் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கத்தியிருப்பாள். கத்தினால்தான் அவளுக்குத் தைரியம் வரும். இன்றைக்கு அது தேவைப்படவில்லை. மேனேஜர் ரூமுக்குள் போனாள். டெம்பரரி ஆள் யாரும் அங்கே உட்கார்ந்ததில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் தள்ளினாள்.

"ஏன் என் பேர் இல்லைன்னு எழுதிக் கொடுங்க சார். நான் என் காரணத்தை எழுதிக் கொடுத்தன்ல."

மேனேஜர் பேனாவைத் திறந்தார். என்னத்தை எழுதுவார்? பைத்தியம் என்று எழுதினால் பயம் எதனால் வந்தது என்று கேட்பார்கள், பட்டன் விவகாரமும் சேர்ந்து வெளியே வரும். அப்புறம் பேனாவை மூடிவிட்டு, பேரைச் சேர்க்கச் சொல்கிறேன், நீங்க போங்க என்றார்.

"சேத்துடுங்க சார். சேத்ததைப் பாத்துட்டுப் போறன்" என்று சொல்லிவிட்டு, கெம்பம்மா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.