மீன்குழம்பு மணத்த ரயில்கள்

போன வாரம் ரவாங்கில் என் தங்கை மகளுக்குப் பிறந்தநாள். வந்த பரிசுகளில் ஒன்று, பேட்டரியில் ஓடும் சின்ன ரயில். அவள் அட்டைப்பெட்டியைக் கிழித்ததும் குப்பென்று ஒரு வாடை வந்தது. புது பிளாஸ்டிக்கும் மட்டமான மசகு எண்ணெயும் கலந்த வாடை. எல்லாரும் ரயிலைப் பார்த்தார்கள். நான் மட்டும் கீழே கிடந்த பெட்டியை எடுத்துத் திருப்பி, இறக்குமதி செய்தவர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கேக்கு வெட்டப் போறோம். அங்க என்னா படிச்சிக்கிட்டு இருக்க?" என்றாள் தங்கை.

ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்லக்கூடிய விஷயமில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அசல் மாதிரி ரயிலுக்கு இந்த வாடை கிடையாது. நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில், உள்ளங்கைக்குள் அடங்கும் இன்ஜின். அது பத்து நிமிடம் தண்டவாளத்தில் சுற்றியபின் மூக்கருகே கொண்டுபோனால், மழைக்கு முந்தைய காற்றுபோல, சூடான இரும்புபோல மெல்லிய ஒரு மணம் வரும். ஆனால் நான் வேலை செய்த இடத்தில் அதற்கும் மேலாக மீன்குழம்பு மணக்கும். கோலா சிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். கீழே கடையைச் சாதிக் பாய் நடத்தினார். மேலே அவருடைய அண்ணன் காதர் பாய், வெளிநாட்டிலிருந்து மாதிரி ரயில்களை வரவழைத்து, தலைநகரிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் இருந்த பொழுதுபோக்குக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன், நகக்கண் அளவு மனிதர்கள், பாக்கு அளவு மரங்கள் எல்லாம் எங்களிடம் கிடைக்கும். ஈப்போ கடைக்காரர் ஒருமுறை போன் போட்டு, "மிஸ், இந்த வாட்டி வந்த இன்ஜின்ல கெளுத்தி வாசம் தூக்கலா இருக்கு" என்றார். காதர் பாய்க்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

நான் புக்கிட் ரோத்தான் பெண். அப்பாவும் அம்மாவும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்துவிட்டு மகள் அலுவலகத்துக்குப் போகிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என்ன அலுவலகம் என்று தெரிந்தபின், "பொம்மைக்கு விலை எழுதவா உன்னப் படிக்க வச்சோம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. ஐம்பது வயது ஆண்கள் போனில் ஒரு சின்ன டீசல் இன்ஜினின் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் வாதாடுவார்கள். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பிஸ்கட் தின்பேன்.

எனக்குப் பிடித்த வாடிக்கையாளர் சுங்கை பஞ்சாங்கில் இருந்த ரம்லி வாத்தியார். ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர். வீட்டில் ஓர் அறை முழுக்க நெல்வயல் செய்து, அதன் நடுவே கடலோர ஊரான பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும் ஒரு ரயில்பாதை போட்டிருந்தார். அந்தப் பக்கம் எந்தக் காலத்திலும் ரயில் ஓடியதில்லை. "அரசாங்கம் போடல, நான் போட்டேன்" என்பார் மலாயில். வயலுக்குக் கொக்கு வேண்டும் என்று கேட்டார். எந்தப் பட்டியலிலும் நம் ஊர்க் கொக்கு இல்லை. காதர் பாயும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, வெள்ளை அட்டையில் அரிசி அளவுக்கு முப்பது கொக்கு வெட்டினோம். பாதி கொக்கு வாத்து மாதிரி வந்தது. அதெல்லாம் என் கைவேலை.

காதர் பாய்க்கு ஒரு பலவீனம் இருந்தது. எதிரே இருப்பவர் பேசாமல் இருந்தால் அவரால் தாங்க முடியாது. விலை பேசும்போது மறுமுனையில் சத்தமில்லாமல் போனால் போதும், நாலைந்து நொடிக்குள் அவராகவே குறைத்துவிடுவார். "சரி சரி, உங்களுக்காகப் பத்து வெள்ளி கொறைச்சிக்கிறேன்." அந்தப் பத்து ரிங்கிட்டை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆள் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருப்பார், அவ்வளவுதான். அதற்காகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் போன் பேசும்போது மேசைக்கு எதிரே நின்று, ஒரு தாளில் பெரிதாக 'பேசாதீங்க பாய்' என்று எழுதிக் காட்டுவேன். அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணாலேயே என்னிடம் கெஞ்சுவார். நாலு வருடத்தில் அப்படி நான் காப்பாற்றிக் கொடுத்த வியாபாரம் கொஞ்சமல்ல.

பிறகுதான் அந்த மலிவு விலைப் பேரங்காடி வந்தது. பேர் வேண்டாம், இப்போது அது இந்த நாட்டிலேயே இல்லை. அரிசி, சோப்புத்தூள், செருப்பு, மின்விசிறி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே மலைபோல் குவித்து விற்பார்கள். பள்ளி விடுமுறைக்கு ரயில் செட்டுகள் வேண்டும், எல்லாக் கிளைகளுக்கும், விலை மட்டும் பாதியாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பழைய கடைக்காரர்கள் கோபிப்பார்களே என்று நான் சொன்னேன்.

"தங்கச்சி, நம்ம தோட்டத்துப் புள்ளைங்க கண்ணாடிக்கு வெளிய நின்னுதானே ரயில் பாக்குதுங்க? ஒரு தடவையாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமே லா" என்றார் பாய்.

பேச்சுவார்த்தைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். என் ஆங்கிலம் அவருடையதைவிடப் பரவாயில்லை. மூன்றாவது கூட்டம் முடிந்ததும், அவர்களுடைய கொள்முதல் பிரிவின் தலைவி ஷீலா என்னைத் தனியாக அழைத்து, "அந்த மாடியில உட்கார்ந்து என்ன செய்யப் போற? இங்க வந்திடு" என்றார். குளிர்சாதன அறை, பெயர் அட்டை, கார் வாங்கக் கடன். இரண்டு வாரத்தில் போய்விட்டேன். பாய் கோபிப்பார் என்று பயந்தேன். அவர் கீழேயிருந்து பிரியாணி வரவழைத்து, "அங்கயும் நம்ம ஆளு ஒருத்தி இருந்தா நமக்கு நல்லதுதானே" என்று சந்தோஷமாக வழியனுப்பினார்.

ஷீலா சொல்லிக்கொடுத்த முதல் பாடம், சப்ளையர்களைப் பாயென்றோ அண்ணனென்றோ கூப்பிடக் கூடாது, மிஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது பாடம், குறித்த நேரத்துக்கு யாரையும் உள்ளே விடக் கூடாது. வங்கிபோல் எண் கொடுத்து உட்கார வைத்திருப்போம். நான் சேர்ந்த இரண்டாம் மாதம் பள்ளி விடுமுறைக்கு மட்டும் போட்டிருந்த காதர் பாயின் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. ஷீலா கோப்பை என் பக்கம் தள்ளினார்.

"நீதான் அவர்கிட்ட நாலு வருஷம் இருந்தியே. எப்படிப் பேசினா இறங்குவாருன்னு உனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரியும் என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஷீலா ஒன்றும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. புது இடத்தில் கெட்டிக்காரி என்று பெயரெடுக்க ஆசை. "மேடம், பேசாம இருந்தா போதும்" என்றேன்.

அன்று அவரை ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார வைத்தோம். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. "மிஸ்டர் காதர், உட்காருங்க" என்றேன். அவர் அதை விளையாட்டு என்று நினைத்து இன்னும் சிரித்தார். ஷீலா நிபந்தனைகளைப் படித்தார். விலை இன்னும் குறைய வேண்டும். விற்காததும், பிரித்ததும், உடைந்ததும் எல்லாம் சப்ளையர் செலவில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். படித்துவிட்டு நிறுத்தினார். நானும் பேசவில்லை. ஏர்கான் மட்டும் இரைந்தது.

பாய் என்னைப் பார்த்தார். நான் தாளில் எழுதிக் காட்டுவேன் என்று எதிர்பார்க்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. என் முன்னால் தாளும் இருந்தது, பேனாவும் இருந்தது. நான் பேனாவின் மூடியைத் திறந்து, மூடி, கடிகாரத்தைப் பார்த்தேன். "சரி... விலைய நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். நாங்கள் பேசவில்லை. "திரும்ப எடுக்கிறதும்... சரி, எடுத்துக்கிறேன்." அதற்கும் பேசவில்லை. ஷீலா கேட்கவே கேட்காத லாரிச் செலவையும் அவராகவே ஏற்றுக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் போனதும் ஷீலா என் தோளில் தட்டிக் காப்பி வாங்கிக்கொடுத்தார். எனக்கு இருபத்தாறு வயது. அந்தக் காப்பி மிக நன்றாக இருந்தது.

அந்த விலைக்கு நல்ல ரயில் செய்ய முடியாது. தொழிற்சாலையில் உலோகச் சக்கரத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சக்கரம் போட்டார்கள். முதல் வளைவிலேயே ரயில் கவிழ்ந்தது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். பார்க்காமலே வாங்கிப்போட்டு, லாரி லாரியாகக் கோலா சிலாங்கூருக்கு அனுப்பினோம். படிவங்களில் கையெழுத்து என்னுடையது. ஒரு நாள் பாய் போன் செய்தார்.

"தங்கச்சி, வந்த பெட்டில இன்ஜினே இல்ல லா. ஒன்னுல பழைய செருப்பு ஒத்தையா இருக்கு. யாரோ எடை காட்டுறதுக்காக வச்சிருக்காங்க. இதையும் நான்தான் ஏத்துக்கணுமா?"

ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, செருப்புக் கதையை ஷீலாவிடம் நடித்துக் காட்டினேன். அவருடைய குரலைக்கூட. அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு மாதத்துக்கு, யாராவது புதிதாக வந்தால், "அந்தச் செருப்புக் கதையச் சொல்லு" என்பார்கள். நானும் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன்.

நான் பயந்தபடியே பொழுதுபோக்குக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். தாங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்றதை நாங்கள் சோப்புத்தூள் பக்கத்தில் கொட்டி வைத்திருந்தோம். ஈப்போக்காரர் பாயின் போனை எடுப்பதே இல்லை என்று கேள்விப்பட்டேன். ரம்லி வாத்தியார் மட்டும் கடைசிவரை வாங்கினார்.

ஒரு சனிக்கிழமை ரவாங் கிளையைப் பார்வையிடப் போயிருந்தேன். சோப்புத்தூள் இரண்டு வாங்கினால் ரயில் இலவசம் என்று அட்டை தொங்கியது. கம்பிக்கூடைக்கு அருகே தரையில் ஒருவர் குந்தி உட்கார்ந்து, சிதறிக் கிடந்த ரயில் பெட்டிகளை எடுத்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் பாதுகாவலர் வந்து அவரை எழுப்பி, என்னைப் பார்த்ததும், "மேடம், இவரு ரொம்ப நேரமா சாமானத் தொட்டுக்கிட்டே இருக்காரு. கேட்டா என் சாமான்தான்னு சொல்றாரு. உங்களுக்குத் தெரியுமா?" என்றார். கிளை மேலாளரும் பக்கத்தில் நின்றார். நாலைந்து பேர் தள்ளுவண்டியோடு நின்று பார்த்தார்கள்.

"சப்ளையர்" என்றேன். "அனுமதி அட்டை இல்லாம சப்ளையர் யாரும் அலமாரிகிட்ட வரக் கூடாது. வெளிய அனுப்பிடுங்க."

பாய் கையிலிருந்த இரண்டு பெட்டிகளையும் கூடையில் வைத்தார். வேட்டிபோல் கட்டியிருந்த கைலியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சரி, மேடம்" என்றார். பாதுகாவலர் அவர் முழங்கையைப் பிடித்து, காசு கட்டும் வரிசைகளைத் தாண்டி வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். பிடித்திருக்கத் தேவையில்லை. அவர் தானாகவே நடந்துகொண்டிருந்தார்.

அந்த ஆண்டுக் கடைசியில் ரயில்களைப் பட்டியலிலிருந்தே நீக்கினோம். மூன்று வரி மின்னஞ்சல், எழுதியது நான். மிச்சச் சரக்கு இரண்டு லாரியில் போனது. அதன்பிறகு நடந்ததைச் சாதிக் பாயின் கடையில் வேலை செய்த ஒரு பெண் சொல்லித்தான் தெரியும். மேல்மாடி நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, சாப்பிட வருபவர்கள் கைகழுவும் இடம்வரை பெட்டிகள் நின்றனவாம். தோட்டத்துப் பள்ளிக்குச் சும்மா கொடுத்துவிடலாம் என்று தம்பி சொன்னபோது, காதர் பாய் ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் ஓட்டிக் காட்டினாராம். அது வளைவில் விழுந்தது. "விழுற ரயிலப் புள்ளைங்க கையில குடுத்துட்டு என்னாத்தச் சொல்றது?" என்றாராம். அத்தனையும் குப்பைமேட்டுக்குப் போயின. அவர் கீழே இறங்கிவந்து தம்பியின் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எதுவும் இல்லை. பேரங்காடியை யாரோ வாங்கிப் பெயரை மாற்றினார்கள், பிறகு அதுவும் மூடியது. ரவாங் கிளை இருந்த கட்டடத்தில் பழைய கார்கள் நிற்கின்றன. ஷீலா வெளிநாடு போய்விட்டார். நான் குளியலறை ஓடு விற்கும் கம்பெனியில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ரம்லி வாத்தியார் இறந்தபின், பிள்ளைகள் அந்த அறையைக் காலிசெய்து வாடகைக்கு விட்டுவிட்டார்கள். ஈப்போக் கடையும் இல்லை, பினாங்குக் கடையும் இல்லை. மேல்மாடியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கியிருக்கிறார்களாம். கீழே சாப்பாட்டுக் கடை மட்டும் அப்படியே இருக்கிறது.

பிறந்தநாளுக்கு மறுநாள் அந்தக் கடைக்குப் போன் செய்தேன். எண் மாறவில்லை. சாதிக் பாய்தான் எடுத்தார்.

"பாய், நான் முன்ன மேல்மாடில வேல செஞ்ச புக்கிட் ரோத்தான் பொண்ணு."

"ஆமாம்மா, ஞாபகம் இருக்கு. சொல்லும்மா."

"பெரிய பாய் நல்லா இருக்காரா? ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போலாம்னு..."

அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசினார். தட்டுகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரும்பி வந்தார். குரலில் ஒரு குறையும் இல்லை.

"சாப்பிட எப்ப வேணாலும் வாம்மா. அண்ணன் காலையில பதினொரு மணி வரைக்கும்தான் கல்லாவுல இருப்பாரு. அதுக்கப்புறமா வரச் சொல்றாரு."

நன்றி என்றேன். மத்தியானச் சாப்பாடு எத்தனை மணி வரைக்கும் இருக்கும் என்று கேட்டேன். மூன்று மணி வரைக்கும் இருக்கும் என்றார்.