மூன்றாம் ஓலை

மர்பி டவுன் சபைக்குப் போதகராக மாற்றலாகி வந்த மூன்றாம் மாதமே என்னால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. எல்லாம் மறதியால் வந்தது. இன்று ஊழியத்துக்கு வரும் தம்பிமார் எதையும் டயரியில் குறித்துக்கொள்கிறார்கள். நான் எல்லாவற்றையும் தலையில் வைத்திருந்தேன், அதில் பாதி பிரசங்கத்துக்கே போய்விடும்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனைகளில் மணமக்களின் பெயரை வாசித்து, "இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று போதகர் சபையைக் கேட்க வேண்டும். அதற்கு ஓலை என்று பெயர். மூன்று ஓலையும் முடியாமல் தாலி கட்ட முடியாது.

கொத்தனார் தாவீதின் மகள் கிரேசுக்குத் திங்கட்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர், செவ்வாய் ரயிலில் திரும்பியாக வேண்டும். மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறன்று வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். சபையார் பசியில் நெளிவதைப் பார்த்து, ஓலையும் அதில் இருப்பதை மறந்து அறிவிப்புகளை விட்டுவிட்டு, நேரே ஆசீர்வாதம் கூறி அனுப்பிவிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது தாவீது வாசலில் நின்றார்.

"ஐயரே, ஓலை படிக்கலியே" என்றார். போதகரை அந்நாளில் அங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். "நாளைக்குக் கல்யாணம். சமையல்காரன் அண்டா எறக்கிட்டான். பெரிய பேஜாரா போச்சு."

விசேஷ அனுமதி வாங்கலாமென்றால் பேராயர் ஊரில் இல்லை. மாலை ஆராதனையும் எங்களுக்குக் கிடையாது. ஒரே வழிதான் தோன்றியது. நாலு மணிக்கு மணியடித்துச் சபையைக் கூட்டி, ஒரு சின்ன ஆராதனை நடத்தி வாசித்துவிடுவது.

மணியடிக்கும் கோயில்பிள்ளை ஞானமுத்துவுக்கு ஐம்பது வயது. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எப்படி அடிக்கட்டும், ஐயரே?" என்று கேட்டார்.

"எப்படியாவது அடியுங்க. ஜனம் வந்தா போதும்."

நேரம் கெட்ட நேரத்தில் அவர் அடித்துப் பழகியது ஒரே அடிதான். ஒன்று அடித்து, நிறுத்தி, இன்னொன்று. அது சாவு மணி என்று எனக்கு உறைப்பதற்குள் தெருவே ஓடி வந்துகொண்டிருந்தது.

காலை ஆராதனைக்குக்கூட அத்தனை பேர் வந்ததில்லை. சபையாரோடு, எங்கள் கோயில் வாசலையே மிதித்திராத அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் வந்திருந்தன. பூக்கார முனியம்மா கையில் மாலையோடு வந்தாள். ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்த பெரியவர் மாசிலாமணி, மகன் தோளைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"நான்தான் பூட்டேன்னு பேசிக்கிறாங்க ஐயரே. அதான் ஒரு நடை வந்து காட்டிட்டுப் போலாம்னு" என்றார்.

எல்லோரும் சிரித்த பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. உள்ளே இடமில்லாததால் வாசற்படியில் நின்றே ஜெபித்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு மூன்றாம் ஓலையை வாசித்தேன். தடை உண்டா என்று கேட்டபோது, முனியம்மா மாலை பிடித்த கையைத் தூக்கினாள்.

"எனக்குக் கீது, ஐயரே."

கிரேஸ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை விறைத்து நின்றார்.

"இந்தப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து பாக்கறேன். ரெண்டு வீடு தள்ளிதான் கீறேன். சாவுன்னா யாரும் கூப்பிட வேணாம், ஓடியாந்துட்டோம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாதானே வர முடியும்? எங்க யாரையும் ஒரு வார்த்தை கேக்கலியே."

எனக்கு வெட்கமாக இருந்தது. முனியம்மாவின் வீட்டைத் தாண்டித்தான் தினமும் சைக்கிளில் சபையாரின் வீடு சந்திப்புக்குப் போவேன். ஒரு நாளும் அங்கே இறங்கியதில்லை.

தாவீது படியிறங்கிப் போய் அவளைக் கும்பிட்டார். "எம்மேலதான் தப்பு, முனியம்மாக்கா. எங்க ஆளுங்களோட போதும்னு இருந்துட்டேன். நாளைக்கு எல்லாரும் வந்துடணும்" என்று கூட்டத்தைப் பார்த்தும் கும்பிட்டார்.

"அப்போ தடை இல்ல. மேல படிங்க, ஐயரே" என்றாள்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. சமையல்காரர் மூன்று தடவை உலை வைத்தார். பந்தலுக்கும் மணமேடைக்கும் பூ முனியம்மா வீட்டிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஓலை எழுத வந்த ஒவ்வொரு குடும்பத்தையும், பதிவேட்டில் இல்லாத ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்: "பக்கத்து வீட்டுக்குச் சொல்லியாச்சா?"