இரண்டு பேர் மிதித்த பெடல்

பேஸ் டிரம் பெடலின் ஸ்பிரிங் தானாகவே தளர்ந்துகொள்கிறது என்று கொஞ்ச காலம் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மாடி அறைக்குப் போய், டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வலது காலை வைத்தால், முந்தின நாள் நான் இறுக்கி வைத்துவிட்டுப் போன பெடல் சொத்தென்று அமுங்கும். மறுபடியும் திருகி இறுக்குவேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் தளர்ந்திருக்கும். ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கிற நட்டின் மரை தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நட்டு போல்ட் விற்கும் கடைகளில் அலைந்து, பொருத்தமான ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். புது நட்டும் தளர்ந்தது. அப்போதுகூட எனக்கு எலி மேல் சந்தேகம் வந்ததே தவிர, என் மனைவி மேல் வரவில்லை.

நாங்கள் லாரிக்கு சீட் தைக்கிறவர்கள். வீட்டின் முன்பக்கம்தான் கடை. பட்டறைக்குப் போய் கேபினில் அளவெடுப்பது, ஃபோம் வெட்டுவது, தைத்ததை இழுத்துக் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. ரெக்சின் தைப்பது அவள் பொறுப்பு. இன்றைக்கும் கால் மிஷின்தான். மோட்டார் மாட்டித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். “மோட்டாரு மூலையில நிக்காதுங்க, ஓடிப் போயிரும்” என்பாள். காலால் மிதித்தால் நினைத்த தையலில் நிறுத்தலாமாம். குதிகால் ஒரு அழுத்து, முன்பாதம் ஒரு அழுத்து என்று பகல் முழுக்க அவள் கால் அந்த மிதியில் ஆடிக்கொண்டே இருக்கும். அதை நான் ஒருநாளும் உட்கார்ந்து கவனித்ததில்லை. கவனிக்க அதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. உண்டு என்று சொல்லிக்கொள்வேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் பாடகர் ஒருவர் நடத்தும் மெல்லிசைக் குழுவுக்கு நான்தான் டிரம்மர். அவர் என்னை மாப்ள என்பார், நான் அவரை மச்சான் என்பேன். சொந்தமெல்லாம் இல்லை, பழக்கம். ஒரு காலத்தில் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று ஓய்வில்லாமல் வாசித்தோம். பிறகு எலக்ட்ரானிக் பேட் வந்தது. இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு, மேசை அகலத்துக்கு இருக்கும் ஒரு பெட்டியைத் தட்டி, ஒருத்தன் டிரம்ஸ், தபேலா, பம்பை எல்லாவற்றையும் வாசித்துவிடுகிறான். டிரம் செட்டை ஏற்றி இறக்க வண்டி வேண்டியதில்லை. என்னைக் கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றே போனது. செட் மட்டும் என் மாடியில் தங்கிவிட்டது. மச்சான் என்றைக்காவது கூப்பிட்டால் அன்றைக்கே போய் உட்காரத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக, தினமும் சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பெடல் பொருத்துவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முதலில் கீழே ரப்பர் மேட். அது இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க டிரம் முன்னால் நகர்ந்துபோகும். பெடலின் கவ்வி டிரம்மின் மர வளையத்தைக் கோணாமல் பிடிக்க வேண்டும். செயின் நேராக இறங்க வேண்டும். மிதித்தால் போய் அடிக்கிற அந்தப் பஞ்சுத் தலைக்கு பீட்டர் என்று பெயர். அது தோலின் நட்ட நடுவில் விழ வேண்டும், எனவே அதன் தண்டை ஏற்றி இறக்கிச் சாவி போட்டுப் பூட்ட வேண்டும். கடைசியாக ஸ்பிரிங். இதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். இறுக்கினால் பீட்டர் சட்டென்று திரும்பி வரும், ஆனால் காலில் பலம் வேண்டும். நான் இறுக்கித்தான் வைப்பேன்.

ஒருநாள் மதியம் பட்டறையில் கரண்ட் இல்லை என்று சீக்கிரமே திரும்பிவிட்டேன். கடையில் மிஷின் ஓடவில்லை. மாடியில் டிரம்ஸ் கேட்டது. படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டேன். கை சாதாரணமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பேஸ் டிரம் இரண்டிரண்டாக, ஒரு பிசிறு இல்லாமல், ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தது. ஒரே பெடலில் அப்படி அடுக்கி வாசிக்க நான் இளவட்டமாக இருந்ததிலிருந்து முயன்றிருக்கிறேன். வேகம் கூடினால் இரண்டாவது அடி செத்துப்போகும். அறைக்குள் எட்டிப் பார்த்தால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். கால் செருப்பில்லாமல் பெடல் மேல். குதிகால் இறங்கினால் ஒரு அடி, முன்பாதம் இறங்கினால் இன்னொரு அடி. கீழே ரெக்சின் தைக்கிற அதே கால், அதே ஆட்டம்.

எனக்கு வந்தது பொறாமைதான். ஆச்சரியம், பெருமை, அதிர்ச்சி என்று வேறு பெயர் வைத்துச் சமாளிக்க விரும்பவில்லை. நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்த மாதிரி இருந்தது.

“எத்தன நாளா இது?” என்றேன்.

அவள் குச்சியைக் கீழே வைத்தாள். “நீங்க புது நட்டு வாங்கியாந்தீங்களே, அதுக்கு முன்னால இருந்துங்க.”

“ஸ்பிரிங்க நீதான் லூஸ் பண்ணியா?”

“பின்ன? லாரி கிளட்ச்சாட்ட வெச்சிருக்கறீங்க. கால் வலிக்குதுங்க.”

எதற்காக ஆரம்பித்தாள் என்று கேட்டேன். மேலே நான் வாசிப்பதைக் கீழே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எல்லாத் தாளமும் அவளுக்கு மனப்பாடமாம். ஒருநாள் தரையைத் துடைக்க வந்தவள் சும்மா காலை வைத்துப் பார்த்தாளாம். நன்றாக இருந்ததாம். அவ்வளவுதான் கதை. இருபது வருடமாக என் காலுக்கு வராதது, தரை துடைக்க வந்தவளுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சில்லாத ஒரு சண்டை நடந்தது. மதியம் அவள் தளர்த்துவாள், சாயங்காலம் நான் இறுக்குவேன். அவள் பீட்டரின் தண்டைக் கொஞ்சம் நீட்டிவிடுவாள், நான் அதைக் குறைத்துவிடுவேன். அதற்கான சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். மிஷின் பெட்டியில் இருந்த குறட்டை வைத்து வேலையை முடித்திருந்தாள். ஸ்பிரிங் நட்டுக்குச் சாவியே தேவையில்லை, விரலே போதும். யார் தளர்த்தியது என்று நானும் கேட்கவில்லை, யார் இறுக்கியது என்று அவளும் கேட்கவில்லை. சாப்பாடு பரிமாறுவது, தண்ணீர் கேட்பது எல்லாம் வழக்கம் போலத்தான்.

அவள் தலைவலி என்று படுத்திருந்த நாள் ஒன்றில், அவள் வைத்துவிட்டுப் போன அளவை மாற்றாமல் நானும் அந்தக் குதிகால் ஆட்டத்தை முயன்று பார்த்தேன். பெடல் என் காலுக்குக் கீழே தொளதொளவென்று ஆடியது. ஒரு அடி விழுந்தது, இன்னொன்று விழவில்லை. மேலே நான் தடவிக்கொண்டிருப்பது கீழே படுத்திருக்கிறவளுக்குக் கேட்கும் என்று நினைத்ததும் நிறுத்திவிட்டேன். அவளுக்குக் கை என்னைவிட மட்டம்தான். இது பொறாமையில் சொல்வதுதான், ஆனாலும் உண்மை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மச்சான் கூப்பிட்டார். நான் கடையில் ஃபோம் வெட்டிக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவர் பெயரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டேன். ராசிபுரத்தில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளை வீடு திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறவர்கள். மேடையில் நிஜ டிரம் செட் இருந்தால்தான் வீடியோ அம்சமாக இருக்கும் என்று அடம்பிடிக்கிறார்களாம்.

“வந்துடறியா மாப்ள?”

“வாரேன் மச்சான். செட்டு ரெடியாவே இருக்குது” என்றேன்.

“ஆமா, பின்னால யாரு வாசிக்கிறது? பேஸ் டிரம்மு சும்மா பின்னுதே. நல்ல பையனாப் புடிச்சுட்ட போல?”

மாடியில் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்து வீட்டுப் பையன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வா என்பார்.

“எங்கூட்டுக்காரி தானுங்க” என்றேன்.

“தங்கச்சியா?” என்றார் மச்சான், நம்பாத குரலில். பிறகு, “ரெண்டு பேருமே வந்துடுங்க. பாதி நீ வாசி, பாதி தங்கச்சி வாசிக்கட்டும்” என்றார். வருடக்கணக்காகக் காத்திருந்து வந்த ஒரே அழைப்பு. அதே அழைப்பிலேயே அதில் பாதி போய்விட்டது.

அவளிடம் வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் எப்படி என்று தயங்குவாள் என்று எதிர்பார்த்தேன். “சேலையோட ஒக்கார முடியாதுங்க” என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே தனக்கு ஒரு சுடிதார் தைத்துக்கொண்டாள்.

இருப்பது ஒரே பெடல். பாதியில் ஆள் மாறும்போது மேடையிலேயே அளவை மாற்ற வேண்டும். “எனக்கு எவ்வளவு திருகோணும்னு சாக்பீசுல கோடு போட்டு வெச்சுக்குங்க” என்றாள். கோடெல்லாம் வேண்டாம் என்றேன். இத்தனை நாளாக அவள் வைத்ததைக் கலைத்துக் கலைத்து, அவள் அளவு என் விரலுக்கே தெரிந்திருந்தது.

ராசிபுரம் மண்டபத்தில் முதல் பாதி நான் வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன். தப்பு எதுவும் இல்லை. ஜனங்கள் வந்தார்கள், மொய் எழுதினார்கள், மணமக்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் பாடினவருக்குக் கை தட்டினார்கள். டிரம்மர் என்றால் எப்போதும் அப்படித்தான், அதில் எனக்கு வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மச்சான் மைக்கில், “இப்ப நம்ம தங்கச்சி டிரம்ஸ் வாசிப்பாங்க” என்றார். அவள் வந்து உட்கார்ந்தாள். நான் டிரம்முக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தண்டை நீட்டிப் பூட்டி, ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். அவள் பெடல் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

“இன்னும் அர சுத்துங்க.”

மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டியவரான என் பங்காளி ஒருவர் முன் வரிசையில் இருந்தார். வாயைக் கட்டி வைக்கத் தெரியாத மனிதர். “பாருங்கப்பா, மறுக்காவும் மெட்டி போட்டு உடறான்!” என்று கத்தினார். அந்த வரிசையே சிரித்தது. பெண் வீட்டார் பக்கமும் சிரிப்புப் பரவியது. எனக்குக் காது சுட்டது. கையில் அந்த நட்டு. அந்த அரைச் சுற்றைக் கொடுக்காமல் விட்டால் போதும், மூன்றாவது அடியிலேயே அவள் கால் தடுமாறும். யாருக்கும் காரணம் தெரியாது.

கொடுத்தேன். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். என் டிரம் செட் ஊரார் முன்னால் பிசிறடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஓரமாகப் போய் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்து நாலு வரி தாண்டியதும் அவள் கால் அடுக்க ஆரம்பித்தது. கீபோர்டு வாசிக்கிறவர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பினதில்லை. பந்திக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். மணமகன் தன் சிநேகிதர்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். இரண்டாவது பாட்டில் அவள் குச்சி வளையத்தில் பட்டு ஒரு அடி தவறியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கை விட்ட இடத்தைக் கால் பிடித்துக்கொண்டது; அந்தத் தவறு என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. பாட்டு முடிந்ததும் மச்சான் கையை அவள் பக்கம் நீட்டினார். மண்டபமே தட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், தட்டாமல் எப்படி இருப்பது?

எல்லாம் முடிந்து நான் டிரம்களைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். வந்ததும் என்னிடம் பேசவில்லை.

“தங்கச்சி, அடுத்த மாசம் மேட்டூர்ல ஒரு ஃபங்ஷன் இருக்கு. முழுசா நீங்களே வாசிச்சிடணும்.”

“வாரனுங்கண்ணா” என்றாள் அவள். ஒரு தடவை யோசிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நெற்றி வியர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, குழந்தையைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

பிறகுதான் மச்சான் என் தோளில் கை போட்டார். இதமாகத்தான் சொன்னார். “நீ எதுக்கு மாப்ள கடையப் போட்டுட்டு அலையணும்? பெடலை தங்கச்சிக்கு எப்படி வெக்கணும்னு நம்ம பேட் வாசிக்கிறவனுக்கு மட்டும் காட்டிக் குடுத்துடு. எப்படியும் அவன் வரத்தான் போறான், அவனே செட் பண்ணிக் குடுத்துடுவான்.”

பேட் வாசிக்கிறவன் கொஞ்சம் தள்ளி நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். என் வேலையை எடுத்துக்கொண்டவன். அவன் மேட்டூரில், மேடையில், என் பெடலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் காலைப் பார்த்துக்கொண்டே, “இப்ப சரியாக்கா?” என்று கேட்டு ஸ்பிரிங்கைத் திருகுவதை நினைத்துப் பார்த்தேன். அதுவரை வயிறு எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

“அவனுக்கு அந்தக் காலு புடிபடாது மச்சான்” என்றேன். “நானே வாரேன்.”