ஒரு பாட்டில், இருபத்தைந்து நாள்

மருந்துக்குப் பணம் கேட்டு அலைவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு, அன்றைக்குத்தான் கவலை அதிகம்.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் மூன்றரை வருஷம் இந்த உத்தியோகம் பார்த்தேன். படிப்பு எட்டாவது, அதுவும் பாதியில் நின்றது. என் வீட்டுக்காரர் கட்கியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். என்னுடையது அவருக்குப் பொருந்தியது, ஒன்றைக் கொடுத்தேன். ஆபரேஷனுக்கு ஆட்டோவை விற்றோம். அதோடு முடிந்தது என்று நினைத்தபோது டாக்டர் அந்த மருந்தை எழுதினார். எண்ணெய் மாதிரி இருக்கும். காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி, சிரிஞ்சில் அளந்து கண்ணாடி டம்ளரில் பாலோடு கலக்கிக் குடிக்க வேண்டும். உயிர் இருக்கும்வரை குடிக்க வேண்டும். விட்டால் கிட்னி போய்விடும்.

ஒரு பாட்டில் இருபத்தைந்து நாள் வரும். ஆட்டோ இருந்த காலத்தில் மாதம் முழுக்க ஓட்டினாலும் அந்த ஒரு பாட்டிலுக்குக் காணாது. அதனால் இருபத்தாறாம் நாள் காலைக்குள் அடுத்த பாட்டிலை யாரிடமாவது கேட்டு வாங்கி வருவது என் வேலை. பிளாஸ்டிக் உறைக்குள் ஃபைலை வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் எத்தனை இருக்கிறது என்று பஸ்ஸில் நாலு தடவை எண்ணிப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழகாத உடம்பு

இந்த மருந்து எதற்கு என்று டாக்டரைக் கேட்டேன். புதிதாக வைத்த கிட்னியை உடம்பு வெளியாள் என்று நினைத்து விரட்டப் பார்க்கும், அதை அடக்கி வைக்கத்தான் என்று இந்தியில் சொன்னார். எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. கட்கி வருகிறவரை பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தேன். என்னுடையதில் ஏதாவது கோளாறோ, சின்ன வயசில் எனக்கு வந்த காமாலையை டாக்டரிடம் சரியாகச் சொன்னேனோ இல்லையோ, வீட்டுக்காரருடைய அக்காவுடையதை வைத்திருந்தால் ரத்தம் ரத்தத்தோடு சேர்ந்திருக்குமோ என்று என்னென்னவோ.

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தையல் வலிக்காமல் இருக்க வயிற்றில் துண்டை மடித்து வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்: "இருபது வருஷமா நான் உன்கூடப் பழகிட்டேன். இந்த உடம்புக்குத்தான் இன்னும் புத்தி வரலை."

தலையாட்டியது

முதலில் போனது கேம்ப் ஏரியாவில் ஒரு தர்ம டிரஸ்ட். மாடிப்படி ஏறினதும் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் குல்கர்ணி என்ற குமாஸ்தா. நோயாளி பெயர் என்ன என்று கேட்டார். இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பெயர் தேவராஜ். எழுதிவிட்டேன், வாயால் சொன்னது கிடையாது. எங்கள் பக்கத்தில் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில்கூடக் கார்டைத்தான் காட்டுவேன். இங்கேயும் ஆஸ்பத்திரிக் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினேன். அதில் இனிஷியலை விரித்து 'ஆறுமுகம் தேவராஜ்' என்று போட்டிருந்தார்கள். குல்கர்ணி முதல் வார்த்தையில் விரலை வைத்து, "ஆறுமுகம்?" என்றார். அது என் மாமனார் பெயர். புருஷன் பெயரையே சொல்லாதவள் மாமனார் பெயரைச் சொல்லி விளக்குவேனா? தலையாட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டலில், என் கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன மாமனார் பேரில் ஃபைல் திறந்துவிட்டார்கள். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஆறுமுகத்துக்கு ஆறு மாசத்துக்கு மருந்து கொடுக்கலாம், பில்லை டிரஸ்டுக்கு அனுப்பலாம். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன். வீட்டில் இரண்டு நாள் மருந்துதான் இருந்தது. கடைக்காரர் டாக்டர் சீட்டைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சீட்டு தேவராஜுக்கு, கடிதம் ஆறுமுகத்துக்கு. ஆறுமுகத்தை அனுப்புங்கம்மா, கொடுத்துடறேன்."

உர்ஃப்

எங்கள் லைன் வீடுகளில் குடியிருந்த எஸ்தர் டீச்சர் கேம்ப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். எனக்கு இங்கிலீஷ் கடிதமெல்லாம் அவர்தான் எழுதிக் கொடுப்பார். அவரை அழைத்துக்கொண்டு டிரஸ்டுக்குப் போனேன். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னால் இருப்பது அப்பா பெயர் என்று டீச்சர் நல்ல மராத்தியில் எடுத்துச் சொன்னார். குல்கர்ணியால் நம்ப முடியவில்லை. பின்னே உங்களையெல்லாம் எப்படித்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள் என்று நிஜமாகவே கவலைப்பட்டார். கடைசியில், இருவரும் ஒருவரே என்று கோர்ட்டில் எழுதி வாங்கி வரச் சொன்னார்.

சிவாஜிநகர் கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவர் முத்திரைத்தாளில் 'தேவராஜ் உர்ஃப் ஆறுமுகம்' என்று அடித்தார். உர்ஃப் என்றால் 'என்கிற' என்று அர்த்தம். பேப்பரில் அந்த வார்த்தையைத் திருடர்கள் பெயருக்கு நடுவில்தான் பார்த்திருக்கிறேன். நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் என்ன செய்வது என்று டீச்சரைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இதெல்லாம் முடியப் பதினோரு நாள் ஆயிற்று. நடுவில் ஒரு பாட்டிலுக்கு என் கம்மல் போனது. அதை நினைத்து அங்கேயே கோர்ட் வாசலில் அழுதேன். டீச்சர் முத்திரைத்தாளை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "மாமனார் ஒண்ணுமே வெச்சிட்டுப் போகலைன்னு சொல்லுவியே கமலா. இந்தா, மாசம் ஒரு பாட்டில் வெச்சிட்டுப் போயிருக்காரு."

எந்தப் புடவை

எந்த டிரஸ்டும் ஆறு மாசத்துக்கு மேல் தராது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, பின்னால் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். அதனால் ஒரு வாசல் மூடுவதற்குள் அடுத்த வாசலைப் பார்த்து வைக்க வேண்டும். வாசலைவிடப் பெரிய கவலை புடவை. வெளுத்த புடவையில் போனால் வாட்ச்மேன் உள்ளே விட மாட்டான். என் தம்பி எடுத்துக் கொடுத்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனால், உள்ளே இருக்கிற அம்மா தலைப்பைப் பார்த்துவிட்டு வருமானச் சான்றிதழைத் திரும்ப ஒருமுறை கேட்பாள். டீச்சரிடம் யோசனை கேட்டேன். நல்ல புடவை கட்டு, ரவிக்கை மட்டும் பழசாகப் போட்டுக்கொள் என்றார்.

ஒரு பங்களாவுக்கு முதல் நாள் வெளுத்த புடவையில் போனேன், வீட்டு வேலை காலியில்லை என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் டீச்சர் சொன்ன மாதிரி போனேன். அதே வாட்ச்மேன் கிழவர் கேட்டைத் திறந்துவிட்டு ரொம்ப சந்தோஷமாகக் கேட்டார்: "அட, நேத்து வேலை கேட்டு வந்த அம்மாதானே? வேற இடத்துல வேலை கிடைச்சிடுச்சா?"

பயில்வான்

கோந்த்வாவில் ஒரு பெரியவர் தன் சொந்தப் பணத்தில் உதவி செய்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். காகிதமெல்லாம் வேண்டாம், ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அதுவரை நான் என் வீட்டுக்காரரை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். மருந்தோடு கொடுக்கிற மாத்திரை ஒன்று முகத்தை ஊத வைக்கும். கன்னமெல்லாம் உப்பி, தெரியாதவர்கள் பார்த்தால் நல்ல சாப்பாடு போல என்பார்கள். பெரியவர் எங்களை உட்கார்த்தி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் கழித்து, நோயாளி எப்போது வருவார் என்று கேட்டார். இவர்தான் என்றதும், நான் பயில்வானை அழைத்து வந்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சிரித்தார். நல்ல மனுஷர், நாலு மாசத்துக்கு ஒப்புக்கொண்டார்.

ஆனால் அதற்கு முன் நான் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லா இடத்திலும் சொல்கிற கதைதான். எழுந்து நின்று, ஆட்டோ ஓட்டினது, கிட்னி போனது, என்னுடையதைக் கொடுத்தது, ஆட்டோவை விற்றது, கம்மல் போனது என்று வரிசையாக இந்தியில் சொல்வேன். கம்மல் வருகிற இடத்தில் அழுகை வந்துவிடும். வேண்டுமென்று அழுவதில்லை, அந்த இடம் வந்தால் தானாக வரும். என் பின்னால் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நான் மறந்தே போனேன். திரும்பும்போது கேம்ப்பில் இறங்கினோம். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்: "எல்லா எடத்துலயும் அந்த எடத்துலதான் அழுவியா?"

மிச்சம்

அதற்குப் பிறகு சிரிஞ்சை அவரே எடுத்துக்கொண்டார். என் கை நடுங்குகிறதாம், ஒரு சொட்டு வீணானாலும் நஷ்டமாம். நான் சுவர்க் காலண்டரில் தினமும் கோடு போட்டு வைக்கிறவள். இருபத்தைந்தாவது கோடு போட்ட அன்று பாட்டிலில் இரண்டு விரல் மருந்து மிச்சம் இருந்தது. என்னங்க இது என்று கேட்டேன். போன தடவை நீ வராதபோது டாக்டர் அளவைக் குறைத்துவிட்டார் என்றார். உன்னுடைய கிட்னிக்கு இப்போதுதான் என் உடம்பு பழகிவிட்டதாம் என்றார். எதற்கெடுத்தாலும் நாலு தடவை சந்தேகப்படுகிற நான் அதை மட்டும் ஒரே தடவையில் நம்பினேன். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினேன். டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை கொடுத்தேன். அடுத்த பாட்டில் முப்பத்துமூன்று நாள் வந்தது.

மூன்றாவது பாட்டில் நடக்கும்போது அவருக்குக் கால் வீங்கியது. ரத்தம் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, தினம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். நீங்கள்தானே குறைத்தீர்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. ராத்திரி வேளையில் பாதிதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். வெளியே வராந்தாவில் வைத்து, இருபது வருஷத்தில் பேசாத பேச்செல்லாம் அவரைப் பேசினேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் மூச்சு வாங்குகிறவரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நீ போய் நின்னு அழற நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு பார்த்தேன் கமலா."

கடைசி பாட்டில்

கிட்னி மறுபடி சரியாகவில்லை, மருந்தை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாசம் டயாலிசிஸ் செய்தோம். மழைக்காலத்தில் போய்விட்டார். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

நிறுத்துவதற்கு முன்னால் வாங்கி வைத்தது, அலமாரியில் சீல் உடைக்காத ஒரு பாட்டில் இருந்தது. காரியம் முடிந்த மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலாவதித் தேதியைப் பஸ்ஸில் மூன்று தடவை படித்தேன். நாங்கள் உட்காருகிற அதே பெஞ்சில், பார்ஷி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி முகம் ஊதிய புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ஃபைலைப் பிடித்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சீட்டை வாங்கிப் பார்த்தேன், அதே மருந்து. நர்ஸிடம் காட்டினேன், சீலையும் தேதியையும் பார்த்துவிட்டுத் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். பாட்டிலை அவளிடம் நீட்டினேன்.

அவள் கை நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வைத்துக்கொள், இது உனக்குத்தான் என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். அவள் சட்டென்று எழுந்து நின்று, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எந்த ஊர், எத்தனை குழந்தை, எந்த நிலத்தை விற்றார்கள் என்று மளமளவென்று சொல்ல ஆரம்பித்தாள். வேண்டாம் தாயே, சொல்ல வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்து அதில் பாட்டிலை வைத்தேன். கதை சொல்லாமலே கொடுப்பார்கள் என்பது அவளுக்கு விளங்கவேயில்லை. பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஃபைலைத் திறந்து, ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, ஃபாரம் எங்கே? கையெழுத்து எங்கே போடணும்?"

நான் விட்டுவிட்டு வந்த உத்தியோகத்துக்கு ஆள் பிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை; விளம்பரம் கொடுக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.